மூச்சை அடக்கித் தூக்கிய ரெட்டை மூட்டை

மைக் முன்னால நின்னு பழக்கமில்லை, தப்பாப் பேசினா மன்னிச்சுக்கோங்க. நம்ம மண்டியில பட்டம் வாங்கின முதல் பொண்ணுன்னு சங்கத்துல கூப்பிட்டுட்டீங்க... அங்க ரெட்டை மூட்டைப் போட்டிக்குத் தலைப்பாகை கட்ட ஆரம்பிச்சாச்சு, தெரியுது. விசில் ஊதறதுக்குள்ள ஒரு குட்டிக் கதை சொல்லிடறேன். கொஞ்சம் இருங்க.

பக்கத்து ஊர் வெங்காய மண்டி. காத்தமுத்துன்னு ஒரு லோடுமேன். ரத்தக்கொதிப்பு உள்ள ஆளு. மாத்திரை போட்டா தலை சுத்தும், மூட்டை ஏறாதுன்னு ஆயுத பூஜைப் போட்டி அன்னிக்கு மட்டும் போடல. முதுகுல ரெண்டு மூட்டை. "தம் பிடி மாமா, தம் பிடி!"ன்னு கூட்டம் கத்துது. மூச்சை அடக்கினார்... தூக்கினார்... ஜெயிச்சார்! பரிசுத் துண்டு தோள்ல விழுந்துச்சு. அப்பவே நெஞ்சுக்குள்ள கிழிச்ச மாதிரி ஒரு வலி... முதுகுப் பக்கம் ஓடுது.

கூட்டாளி சின்னையா என்ன சொன்னார் தெரியுமா?

"என்ன மாப்ள, துண்டு கனம் தாங்கலையா? வாயுப் பிடிப்புய்யா! குப்புறப் படு, மிதிச்சு விடறேன்."

"மிதிக்காதய்யா... உள்ள என்னமோ கிழியுது..."

"கிழியறதுக்கு நீ என்ன கோணிச் சாக்கா?"

எல்லாரும் சிரிச்சாங்க. மிதிச்சாங்க. மறுபடியும் மிதிச்சாங்க. காத்தமுத்துவோட ஒரு கை சில்லிட்டுப் போச்சு... அப்புறம்தான் வண்டி தேடினாங்க. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்கூட உயிர் தாங்கல.

என்ன கிழிஞ்சது? இதயத்துல இருந்து கிளம்புற பெரிய ரத்தக்குழாய். அதோட சுவர் அடுக்கடுக்கா இருக்கும். மூச்சை அடக்கித் தூக்கும்போது உள்ள அழுத்தம் எகிறும். கொதிப்பு உள்ளவங்களுக்கு உள் அடுக்கு கிழியலாம். அந்தக் கிழிசல்ல ரத்தம் புகுந்து அடுக்கைப் பிரிச்சுக்கிட்டே போகும். இதை மிதிச்சுச் சரி பண்ண முடியுமா? சொல்லுங்க... முடியுமா?

சின்னையா இன்னிக்கும் மூட்டை தூக்கறார். யார் முதுகுலயும் கால் வைக்கிறதில்லை.

மாத்திரையை நிறுத்தாதீங்க. தம் பிடிச்சுத் தூக்காதீங்க. திடீர்னு அப்படி வலிச்சா நேரா ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும். இது உங்க எல்லாருக்கும்.

இன்னும் ஒண்ணு இருக்கு... அதைக் கேக்கத்தான் மேடையே ஏறினேன். அப்பா... மூட்டைக்குப் பக்கத்துல தலைப்பாகையோட நிக்கறீங்களே... காலையில டம்ளர்த் தண்ணி அப்படியே இருந்துச்சு, மாத்திரையும் இருந்துச்சு. இப்ப என் கையில இருக்கு. அந்தத் துண்டு நமக்கு வேணாம்ப்பா. தலைப்பாகையை அவுத்துட்டு இங்க வாங்க.