மல்லாந்த முயல்

— அதைக் கீழ விடுங்கப்பா.

— இரு, இரு. முயலை மல்லாக்கப் போட்டு வயித்தைத் தடவினா எப்படிச் சொக்கிப்போய்க் கெடக்குது பாத்தியா. உன்கூட இங்க வந்த அன்னிக்கு வீடு பூரா மோந்து பாத்து மேற்பார்வை பண்ணின மேஸ்திரியா இதுன்னு இருக்கு.

— மேஸ்திரி சொக்கிப்போகலப்பா.

— காலைக்கூட அசைக்கல பாரேன். நேத்து பக்கத்து வீட்டுக்காரருக்குக் காமிச்சேன். மூட்டை தூக்குற கைக்கு முயல் இப்படி அடங்குதேன்னு அசந்துட்டார்.

— நேத்துமா? அய்யோ. நெஞ்சுல கை வச்சுப் பாருங்க.

— அட, மோட்டார் மாதிரி அடிக்குது.

— கண்ணைப் பாருங்க. தூங்குற கண்ணா அது? நாய் வாயில மாட்டினா முயல் இப்படித்தான் கெடக்கும். செத்துப்போச்சுன்னு நெனச்சு விட்டுரும்னு.

— அப்ப நான் நாயா?

— உங்களைச் சொல்லலப்பா. தப்பிக்க முடியாதுன்னு தெரிஞ்சா எந்தக் கையிலயும் அது அப்படித்தான்.

— ஒரு சத்தமாவது போட்டிருக்கலாம்ல?

— போடாது. வலிச்சாக்கூட மூலையில குறுகி உக்காந்து பல்லைக் கடிச்சுக்கும். அவ்வளவுதான்.

— இந்தா, பிடி. மெதுவா. சந்தோஷமா இருந்தா எப்படித்தான் தெரியும்?

— முந்தாநாள் ஓடிவந்து, அந்தரத்துல உடம்பை முறுக்கிக் குதிச்சுதே.

— வலிப்புன்னு நெனச்சுத் தண்ணி தெளிச்சேனே.

— அதான் சந்தோஷம். அங்க அவர் வீட்டுல அது ஒருநாளும் குதிச்சதில்ல.

— இதெல்லாம் யாரு உனக்குச் சொல்லிக் குடுத்தா?

— யாரு சொல்லணும்? பகல் பூரா நானும் அதும்தான். வெளிய பூட்டிட்டுத்தான் அவர் வேலைக்குப் போவார்.

— பூட்டிட்டா?

— ம்.

— மழைக்காலத்துல உன்னைப் பாக்க வந்தேன்ல. மாப்பிள்ளை உன் தோள்ல கை போட்டு நின்னார். நீ டீயை வச்சுட்டு, பேசாம, அசையாம நின்ன.

— ஞாபகம் இருக்கு.

— வீட்டுக்கு வந்து உங்கம்மாகிட்ட சொன்னேன், புள்ள அடங்கி ஒடுங்கிக் குடும்பம் நடத்துறா, இனிமே கவலையில்லைன்னு. அன்னிக்கு ரெண்டு பேரும் நல்லாத் தூங்கினோம்.

— அம்மா சொன்னாங்க.

— என் காதுலயாவது ஒரு வார்த்தை போட்டிருக்கலாமே, தாயி.

— போட்டேன்ப்பா. போன்ல, ரெண்டு தடவை. கொஞ்சம் பொறுத்துப் போம்மான்னீங்க.

— சொன்னேன். லோடு எறக்குற அவசரத்துல, தலையில மூட்டையோட சொன்னேன்.

— விடுங்க. சாப்பிட வாங்க.

— விடுங்கன்னா எப்படி விடுறது? எத்தனை கனம்னு மூட்டையைத் தொட்டே சொல்லுவேன். பெத்த புள்ள முகத்தைப் பாத்து... என்ன சத்தம் அது? யாரோ தரையில குத்தின மாதிரி.

— மேஸ்திரிதான். பின்னங்காலால தட்டுது.

— தூக்கிக் கொஞ்சினது பிடிக்கலையோ?

— இது வேறப்பா. ஆபத்து வருதுன்னு சொல்ற தட்டு. அங்க சாயங்காலம் ஆனா, அவர் பைக் தெருமுனையில திரும்பறப்பவே தட்டிரும். என் காதுல விழுறதுக்கு முன்னாடியே.

— பைக்கா?

— இங்க வந்ததுலேருந்து ஒரு தடவகூடத் தட்டினதில்ல. ஏம்ப்பா, உங்க மூஞ்சி ஏன் இப்படிப் போகுது?

— காலையில நான்தாம்மா போன் போட்டேன். வந்து கூட்டிட்டுப் போங்க மாப்பிள்ளைன்னு.

— அப்பா.

— அதைத் தூக்கிட்டு உள் ரூமுக்குப் போ. தாழ்ப்பாளைப் போட்டுக்கோ. யார் தட்டினாலும் திறக்காத. அவர் முன்னாடி எனக்கு வாய் குழைஞ்சாலும் குழைஞ்சிரும். நானே வந்து கூப்பிட்டாலும் திறக்காத.