தண்ணித் தொட்டியைச் சுற்றிப் பதினோரு சுத்து

அப்பா: ஒரே கை. பதினோரு சுத்து. கடைசியில தண்ணித் தொட்டிக்கே தலை சுத்திடுச்சு.

மகள்: யாருப்பா சுத்தினது?

அப்பா: உங்கம்மாதான். இந்த மோட்டார் சைக்கிள்ல. நேத்து, நீ வேலைக்குப் போன பிறகு.

மகள்: மாமா, கேட்டீங்களா உங்க அத்தான் பேச்சை?

மாமா: கேட்டேன், கேட்டேன். போன வாரம் இதே மனுஷன், தான் கடைஞ்ச வாஷர் தண்ணியில மிதந்துச்சுன்னாரு.

அப்பா: அவ்வளவு மெல்லிசு மாப்ளே. கொஞ்சம் காத்தடிச்சிருந்தா பறந்திருக்கும்.

மகள்: அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து ஆறு மாசம் ஆகுது. இடது கை விரல் ஒண்ணுகூட மடங்கலை. கிளட்ச்சை யாரு பிடிச்சா?

அப்பா: வலது கட்டைவிரல். இங்க வா... பிரேக்குக்குக் கீழ குட்டியா ஒரு லீவர் தெரியுதா? இந்த ஷெட்டுல, நம்ம லேத்துல நானே கடைஞ்சது. அழுத்து.

மகள்: ...மெத்துனு இருக்கு.

அப்பா: பூனைக்குட்டிகூட அழுத்தலாம். நேத்து ஒண்ணு வந்து அழுத்திப் பார்த்துட்டுத்தான் போச்சு.

மாமா: கியரும் மாத்திச்சா அத்தான்?

அப்பா: லைசென்ஸ் இல்லை, நான் விடலை. நீ இருக்கியே... முப்பது வருஷம் வண்டி சோதிக்கிற உத்தியோகம், ஒரு வண்டிக்காவது மனசார கையெழுத்துப் போட்டிருப்பியா?

மாமா: போடாம விட்டதால எத்தனை பேர் முழுசா வீடு போய்ச் சேர்ந்தாங்கன்னு கேளுங்க.

மகள்: உங்க சண்டையை அப்புறம் வச்சுக்கோங்க. அஞ்சு மணிக்கு வண்டியை வாங்கறவங்க எடுத்துட்டுப் போக வர்றாங்க. அப்புறம் இன்னொண்ணு... சாவி என் பையில இருக்கு. வண்டி எப்படிப்பா கிளம்புச்சு?

அப்பா: சாவி என்ன பெரிய சாவி. ஒரு அரம், அரை மணி நேரம்.

மாமா: பூட்டுக்காரன் பிழைப்புலயும் மண்ணு.

மகள்: சரி, இது என்ன? மேசை மேல கிடக்கே... வளையம் மாதிரி. சுத்தியால அடிச்ச தழும்பு எல்லாம் இருக்கு.

அப்பா: அது... ஒண்ணுமில்லை. லீவருக்குள்ள போடற புஷ். முதல்ல செஞ்சது.

மகள்: ஏன் கழட்டினீங்க? சொல்லுங்கப்பா.

அப்பா: சூட்டோட அளந்துட்டேன். கடையும்போது உலோகம் சுடும், விரியும். ஆறவிட்டுத்தான் அளக்கணும். முப்பத்தஞ்சு வருஷம் ஊருக்கெல்லாம் இதைச் சொன்னவன் நான்... நீ மத்தியானம் சாப்பிட வந்துடுவியேன்னு அவசரம். சுடச்சுட அளந்து சுடச்சுட மாட்டிட்டேன். ஆறினதும் சுருங்கி அச்சைக் கவ்விடுச்சு.

மகள்: எங்க வச்சு?

அப்பா: எங்கன்னா... இங்கதான். ஷெட்டுல.

மகள்: அதுக்கு ஏன் மாமா முகத்தைப் பார்க்கறீங்க?

மாமா: என் முகத்துல என்ன இருக்கு? இத பாரு கண்ணு, அக்கா வண்டியில ஏறவே இல்லை. உங்கப்பா கயிறு திரிக்கறாரு. மணலை வச்சே திரிப்பாரு.

மகள்: உங்க கட்டைவிரல்ல என்ன கொப்புளம்?

மாமா: இதா... புது புஷ் மாட்டின பிறகு லீவரை அழுத்திப் பார்த்தேன்.

அப்பா: காலையிலேர்ந்து ஐந்நூறு தடவை.

மாமா: முன்னூத்தி அறுபது. ஒரு தடவைகூட இறுகலை. நம்பாதவன் சோதிக்கத்தான் செய்வான்.

மகள்: அம்மா ஏறாத வண்டிக்கு எதுக்கு மாமா முன்னூத்தி அறுபது தடவை?

மாமா: ...பழக்கதோஷம்.

மகள்: உட்காருங்க ரெண்டு பேரும். நான் ஏன் இதை விக்கறேன்னு நினைக்கறீங்க? விழுந்துடுவாங்கன்னு மட்டுமா? எத்தனை வருஷம் இந்த வண்டியில வீடு வீடா போய்ப் பிரசவம் பார்த்தவங்க. இப்போ ஜன்னல் வழியா இதைப் பார்க்கறாங்க, முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கறாங்க. கைப் பயிற்சிக்குக் கூப்பிட்டா கண்ணை மூடிக்கறாங்க. ஆறு மாசத்துல ஒரு தடவையாவது அவங்க சிரிச்சுப் பார்த்திருப்பீங்களா நீங்க? கண்ணுல படாம போனாலாவது மனசு ஆறும்னுதான். வேற வழி தெரியலைப்பா எனக்கு.

அப்பா: தப்பு சொல்லலைம்மா நான்.

மகள்: அப்போ பதினோரு சுத்துன்னு கதை விடாதீங்க. எதை நம்பறதுன்னே தெரிய மாட்டேங்குது உங்ககிட்ட.

அப்பா: அதுவும் நியாயம்தான். மிதக்கிற வாஷரையும் பூனையையும் சொன்ன வாய் இது... இதை மட்டும் எப்படி நம்புவே. கூப்பிட்டு வரச் சொல்லு அவங்களை.

மாமா: அத்தான், என்ன இப்படிப் பொசுக்குனு...

அப்பா: விடு மாப்ளே. நீதான் சொல்லிட்டியே, அவ ஏறவே இல்லைன்னு. உன் வாக்குக்கு முன்னாடி என் வாக்கு எடுபடுமா?

மகள்: மாமா, நீங்க பொய் சொல்லிப் பார்த்ததில்லை நான். ஃபோன் கையில இருக்கு. கடைசியா ஒரு தடவை கேட்கறேன். அம்மா ஓட்டினாங்களா, இல்லையா?

மாமா: ...ஃபோனை வை. ஓட்டினா. உண்மை தெரிஞ்சா நீ இன்னைக்கே வண்டியைத் தள்ளி விட்டுடுவியேன்னுதான் மறைச்சேன். பதினொண்ணும் இல்லை, பதினாலு. பயந்து குறைச்சுச் சொல்றாரு உங்கப்பா. பின்னாடி உட்கார்ந்து எண்ணினவன் நான்தானே. மூணாவது சுத்துல லீவர் இறுகிடுச்சு, கிளட்ச் பிடிக்க முடியலை, வண்டி ஓடிக்கிட்டே இருக்கு. "அக்கா, அணைச்சிடு, அணைச்சிடு"ன்னு கத்தறேன். அணைக்கிற சுவிட்ச் அவ வலது கட்டைவிரலுக்குப் பக்கத்துலயேதான் இருந்துச்சு கண்ணு... பெட்ரோல் தீர்ற வரைக்கும் அவ அதைத் தொடலை. சிரிச்சுக்கிட்டே இருந்தா.