இடப்பக்கத்துப் பெட்டிகள்

நான் கோழிக்கறி சாப்பிடுவதில்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், டாக்டரம்மா. கோழிக்குஞ்சு வியாபாரி என்றாலே பொழுது சாய்ந்ததும் ஒரு கோழியை உரித்து அடுப்பில் ஏற்றுகிறவன் என்று ஆட்கள் நினைத்துக்கொள்கிறார்கள். நான் முட்டையைக்கூடத் தொடுவதில்லை, அதை உடைக்கிற சத்தம் எனக்கு ஆகாது. தீவனக் கடைக்காரர் என்னைத் ‘தாய்க்கோழி’ என்றுதான் கூப்பிடுவார். கிண்டலுக்குத்தான். ஆனால் எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

நாலு வெள்ளைத் தாளும் ஒரு பேனாவும் கொடுத்து, மருந்தின் பெயரை மட்டும் முதலில் எழுதுங்கள், மற்றதெல்லாம் அப்புறம் என்றீர்கள். வாயால் சொல்லுங்கள் என்றும் இரண்டு முறை கேட்டுப் பார்த்தீர்கள். சொல்லமாட்டேன் என்று நான் அடம்பிடிக்கவில்லை. பெயரை மட்டும் மொட்டையாகச் சொன்னால் கேட்கிறவர்கள் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்? அதனால் ஆதியிலிருந்து முறையாக வருகிறேன். ஆஸ்பத்திரியில் அந்தக் குழந்தை நேற்றிலிருந்து கண் திறக்கவில்லை என்பது எனக்கும் தெரியும். வேகமாகவே எழுதுகிறேன்.

என் பொரிப்பகத்தை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். முன்பு அது ஒரு சோப்புத் தொழிற்சாலையின் கிடங்காக இருந்தது. மழைக்காலத்தில் இன்றைக்கும் சுவரில் சோப்பு வாசம் வரும். இரண்டு பொரிப்பு எந்திரங்கள், ஒவ்வொன்றிலும் ஆயிரம் முட்டை. பின்னால் கொட்டகையில் முந்நூற்று நாற்பது தாய்க்கோழிகள். இருபத்தோராம் நாள் காலையில் எந்திரத்தின் கதவில் காதை வைத்தால், ஓட்டுக்குள்ளிருந்தே கீச்கீச் என்று ஒரே அமளியாக இருக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்ட எவனுக்கும் ஒரு குஞ்சைக் கொல்ல மனசு வராது. எனக்கு வந்ததில்லை.

உங்களுக்கு முன்னால் இந்தக் கால்நடை மருத்துவமனையில் இருந்த டாக்டர் இரண்டு மாதத்துக்கு முன் வந்தார். வெள்ளைத் தட்டில் மை மாதிரி ஒன்றைச் சொட்டி, கோழியின் ரத்தத்தை அதில் கலந்து ஆட்டிக் காட்டினார். திரிந்த பால் மாதிரி திட்டுத் திட்டாக நின்றது. நோய் தாயிடமிருந்து முட்டைக்குள்ளேயே இறங்கிவிடும், முந்நூற்று நாற்பதையும் அழித்துவிடுங்கள், முட்டைகளை எரித்துவிடுங்கள் என்றார். நான் தலையாட்டினேன். மறுவாரம் அவர் வந்தபோது கொட்டகைக்குப் பின்னால் மூடிய குழியைக் காட்டினேன். மேலே சுண்ணாம்பு தூவி வைத்திருந்தேன். மனிதர் ஒரு நிமிடம் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். கோழிகளைப் பிரிந்த வருத்தம் எனக்கு இருக்கும் என்று தோளில்கூடத் தட்டினார். குழிக்குள் இருந்தது கிழிந்த தீவனச் சாக்குகள்தான். கோழிகளைச் சோப்புக் காலத்துப் பழைய கொதிகலன் அறைக்குள் மாற்றிவிட்டிருந்தேன். அவரை ஏமாற்றியது தப்புதான், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முந்நூற்று நாற்பது உயிர், டாக்டரம்மா.

அடுத்த பொரிப்பில் குஞ்சுகள் வந்ததும் பிரச்சினை தெரிந்தது. பாதிக்கு மேல் கண்ணை மூடிக்கொண்டு பல்புக்கு அடியில் குவிந்து கிடந்தன. இறக்கை தொங்கிவிட்டது. பின்பக்கத்தில் வெள்ளையாக எச்சம் ஒட்டி அடைத்துக்கொண்டது. மற்ற பொரிப்பகக்காரர்கள் இப்படிப்பட்டதையெல்லாம் வாளியில் அள்ளிப்போட்டுக் கதையை முடித்துவிடுவார்கள். எனக்கு அது முடியாது. நான் அவற்றைத் தனியாக எடுத்து இடப்பக்கத்துப் பெட்டிகளில் வைத்தேன். தினமும் காலையில் வெந்நீரில் பஞ்சை நனைத்து ஒவ்வொன்றின் பின்பக்கத்தையும் துடைத்துவிட்டேன். அறுநூறு குஞ்சு. குனிந்து குனிந்து என் முதுகே போய்விட்டது. பெற்றவள்கூட இப்படிப் பார்க்கமாட்டாள் என்று என் மனைவி சொன்னாள்.

வாங்க வருகிறவர்கள் வாலைத் தூக்கிப் பார்ப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். எச்சம் ஒட்டியிருந்தால் வாங்கமாட்டார்கள். துடைத்தது அதற்காக அல்ல. அதற்கும் உதவியது, அவ்வளவுதான்.

குஞ்சை உள்ளங்கையில் மல்லாத்திப் போட்டு மூன்று எண்ணுகிறவர்களும் உண்டு. மூன்றுக்குள் புரண்டு எழுந்தால் நல்ல குஞ்சு. அதற்கும் வழி இருக்கிறது. ஆள் வருவதற்கு அரை மணி நேரம் முன்னால் பெட்டியைக் கொஞ்சம் கூடுதலாகச் சூடுபடுத்தி, சர்க்கரைத் தண்ணீரில் மருந்தைக் கலந்து கொடுத்தால், சாகக் கிடந்தது சர்க்கஸ்காரன் மாதிரி துள்ளும். அந்தத் துள்ளல் மூன்று நாளைக்கு நிற்கும். மூன்று நாள் என்பது ஒரு குஞ்சின் ஆயுசில் சின்ன விஷயம் இல்லை.

மருந்து என்று எழுதிவிட்டேன் பாருங்கள். வருகிறேன், அதற்கு வந்துகொண்டேதான் இருக்கிறேன்.

பெரிய பண்ணைக்காரர்களுக்கு இடப்பக்கத்துப் பெட்டியை நான் திறந்துகூடக் காட்டியதில்லை. அவர்களுக்குச் சொந்தமாக டாக்டர் உண்டு, பரிசோதனை உண்டு, தவிர அவர்களிடம் பாசம் கிடையாது. வீட்டுக்கு வாங்க வருகிறவர்களிடம் மட்டும் நான் ஒரு கேள்வி கேட்பேன்: வீட்டில் சின்னக் குழந்தைகள் இருக்கிறார்களா? இல்லை என்றால் வலப்பக்கத்துப் பெட்டி. இருக்கிறார்கள் என்றால் இடப்பக்கத்துப் பெட்டி.

ஏன் என்று நீங்கள் கேட்பீர்கள். குழந்தைகள் குஞ்சைக் கீழே விடுவதே இல்லை. மடியில் வைத்துக்கொள்வார்கள், போர்வைக்குள் கொண்டுபோவார்கள், மூக்கோடு மூக்கு உரசுவார்கள், முத்தம் கொடுப்பார்கள். நோயாளிக் குஞ்சுக்கு வேண்டியது அந்தச் சூடுதானே. இன்னொரு காரணமும் உண்டு, அதையும் மறைப்பானேன். குழந்தை உள்ள வீட்டில் குஞ்சு செத்தால், பிள்ளை அழுத்திப் பிடித்துக் கொன்றுவிட்டது என்று வீட்டுக்காரர்களே முடிவு கட்டிவிடுவார்கள். ஒருவர்கூடத் திரும்பி வந்து என்னிடம் சண்டை போட்டதில்லை. தொழிலில் இது பெரிய நிம்மதி.

இப்போது அந்தக் குழந்தைக்கு வருகிறேன். பேருந்து ஓட்டுநரின் மகள், ஐந்து வயது. வீட்டில் அவளை ‘ரேடியோ’ என்று கூப்பிடுகிறார்கள், வாய் ஓயாது. கிடங்கு வாசலில் கால் வைத்ததிலிருந்து எல்லாக் குஞ்சுக்கும் பேர் வைத்துக்கொண்டே வந்தாள். ஒன்றுக்குப் பேர் ‘ஹாரன்’, இன்னொன்று ‘பிரேக்’. அப்பா தொழில் அப்படி. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பத்துக் குஞ்சு எடுத்துப் பெட்டியில் வைத்தபோது, மூலையில் கிடந்த ஒன்றைக் காட்டிக் கேட்டாள்.

“மாமா, இது மட்டும் ஏன் தூங்கிக்கிட்டே இருக்கு?”

“அது ராத்திரி பூரா பாட்டுப் பாடுச்சும்மா. அதான் அசந்து தூங்குது.”

“அப்ப அதையும் குடுங்க. நான் தாலாட்டிக்கிறேன்.”

அதைப் பார்த்தால் அன்றைக்குச் சாயங்காலம்கூடத் தாங்காது போலிருந்தது. சும்மாவே கொடுத்துவிட்டேன். சட்டைக் கழுத்துக்குள் விட்டுக்கொண்டு, தாடையால் பொத்தியபடி நடந்து போனாள். அந்தக் காட்சி இன்றைக்கும் என் கண்ணிலேயே நிற்கிறது. ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு அன்றைக்கு மதியச் சாப்பாடு சாப்பிட்டேன்.

ஆறாம் நாள் ஓட்டுநர் போன் செய்தார். சண்டைக்குத்தான் என்று முதலில் நினைத்தேன். மனிதர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.

“தப்பா நினைக்காதீங்க. பதினொண்ணுல எட்டு போயிடுச்சு. எங்க பொண்ணுதான் கசக்கிடுச்சு போல. நல்லாத் திட்டிட்டேன். இப்ப என்னடான்னா பேசவே மாட்டேங்குறா. இன்னும் ரெண்டு இருந்தா குடுங்க, பிள்ளை கொஞ்சம் தேறும்.”

குழந்தை என்றால் அப்படித்தான் இருக்கும், திட்டாதீர்கள் என்று நான்தான் அவருக்கு ஆறுதல் சொன்னேன். மறுநாள் அவர் வந்தபோது இரண்டு குஞ்சு கொடுத்தேன். அவையும் இடப்பக்கம்தான், வலப்பக்கத்தில் அன்றைக்கு மீதி இல்லை. இருந்தது, ஆனால் அவை பண்ணைக்காரருக்குச் சொல்லி வைத்தவை.

குஞ்சுகளைத் தானே கொன்றுவிட்டோம் என்று அவள் நம்பியதால்தான் வயிற்று வலியைச் சொல்லாமல் இரண்டு நாள் அடக்கிக்கொண்டிருந்தாள் என்று நீங்கள் சொன்னீர்கள். தனக்குக் கிடைத்த தண்டனை என்று நினைத்துக்கொண்டாளாம். அதைக் கேட்டு எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. நான் கல்நெஞ்சக்காரன் இல்லை.

அவள் ரத்தத்தில் இருக்கும் கிருமியும் செத்த குஞ்சின் குடலில் இருந்த கிருமியும் ஒன்று என்று தெரிந்ததும், மூன்று நாளைக்கு முன் நீங்கள் எனக்குப் போன் செய்தீர்கள். குஞ்சுகளுக்கு ஏதாவது மருந்து கொடுத்தீர்களா என்று கேட்டீர்கள். சர்க்கரைத் தண்ணீர் தவிர ஒன்றும் இல்லை என்றேன். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மருந்து என்று சொன்னால், எதற்கு மருந்து என்பீர்கள். நோய் என்று சொன்னால், தாய்க்கோழி எங்கே என்பீர்கள். கொதிகலன் அறைக் கதவைத் திறப்பீர்கள். என் ஒரு வார்த்தையை நம்பி முந்நூற்று நாற்பது உயிர் அங்கே உட்கார்ந்திருந்தது. இந்தப் பக்கம் ஒன்று. ஆஸ்பத்திரியில் பெரிய பெரிய டாக்டர்கள் இருக்கிறார்கள், எப்படியும் தேற்றிவிடுவார்கள் என்றும் நினைத்தேன்.

இன்று காலையில் நீங்களே கதவைத் திறந்துவிட்டீர்கள். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? கிருமி எந்த மருந்துக்குப் பழகிவிட்டது என்று ஆய்வகம் சொல்ல இன்னும் இரண்டு நாள் ஆகும், அவளுக்கு இரண்டு நாள் இல்லை என்றீர்கள். நான் எழுத ஆரம்பித்ததிலிருந்து உங்கள் போன் மூன்று முறை அடித்துவிட்டது. இதோ, எழுதுகிறேன்: என்ரோஃப்ளாக்சசின், அதோடு கோலிஸ்டின். தீவனக் கடையில் டப்பாவிலிருந்து பிரித்துப் பொட்டலமாகக் கொடுப்பார்கள். அதில் பெயர் இருக்காது, கடைக்காரர் வாயால் சொன்னதுதான். சொன்ன அளவைப் போல மூன்று மடங்கு, இரண்டு மாதமாக, தாய்க்கும் குஞ்சுக்கும்.

இந்த இடத்தில் நீங்கள் என் தோளுக்கு மேலாகப் படித்துவிட்டு, தாளின் அடிப்பகுதியை அப்படியே கிழித்துக்கொண்டீர்கள். போகிற போக்கில் ஒன்று சொன்னீர்கள்.

“நீங்க முதல்ல எழுதின மருந்தோட வகையைத்தான் மூணு நாளா அவளுக்கு ஏத்திக்கிட்டிருக்காங்க. உங்க வார்த்தைய நம்பித்தான்.”

எனக்குப் பதில் சொல்ல நேரம் கொடுக்காமல் ஓடிவிட்டீர்கள். அதனால் கிழித்த பகுதியைப் புதுத் தாளில் மறுபடி எழுதிவிட்டு, மீதியையும் எழுதுகிறேன். வேலையைப் பாதியில் விடுவது என் பழக்கம் இல்லை.

உங்கள் எழுத்தர் இப்போது வந்து சொன்னார்: மருந்தை மாற்றிவிட்டார்களாம், காலையில்தான் எதுவும் சொல்ல முடியுமாம். ஓட்டுநர் ஆஸ்பத்திரி வராந்தாவில் தலையைச் சுவரில் சாய்த்தபடி, “நான்தான் திட்டினேன், நான்தான் திட்டினேன்” என்று அதையே சொல்லிக்கொண்டிருக்கிறாராம். பாவம், நல்ல மனிதர். அவரிடம் யாராவது எடுத்துச் சொல்லுங்கள். குழந்தைகளைத் திட்டக் கூடாது என்று நான் அன்றைக்கே சொன்னேன்.

தாய்க்கோழிகளை நாளைக்கு அழிக்கப்போகிறீர்கள் என்றும் தெரியும். ஒரே ஒரு வேண்டுகோள், அந்த நேரத்தில் என்னை அங்கே நிற்கவைக்காதீர்கள். நெஞ்சில் கை வைத்துச் சொல்கிறேன், இருபது வருடத் தொழிலில் என் கையால் ஒரு உயிரைக் கொன்றதில்லை.

காலையில் ஜீப்பில் வரும்போது, உங்களுக்கும் குழந்தை உண்டா என்று கேட்டீர்கள். பேச்சு வாக்கில் பதில் விட்டுப்போயிற்று. ஒரு மகள், அவளுக்கும் ஐந்து வயது. கிடங்குப் பக்கமே அவளை நான் விட்டதில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போனால் வாசலிலேயே செருப்பையும் சட்டையையும் கழற்றிவிட்டு, இரண்டு முறை சோப்புப் போட்டுக் குளித்த பிறகுதான் அவளைத் தூக்குவேன். எங்கள் வீட்டிலும் ஒரு குஞ்சு வேண்டும் என்று அழுது தீர்ப்பாள். அவளுக்குக் கை கொஞ்சம் முரடு. அழுத்திப் பிடித்துவிட்டால் பாவம், குஞ்சு என்ன செய்யும்? அதனால் கடையில் மஞ்சள் துணியில் தைத்த பொம்மைக் குஞ்சு ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அதைக் கட்டிக்கொண்டுதான் தூங்குகிறாள். வாரம் ஒரு முறை கொதிக்கிற வெந்நீரில் போட்டு எடுத்து, நானே வெயிலில் காயவைத்துவிடுகிறேன்.