குழாயடி பஜாரி

சிவாஜி நகர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருந்த அம்மா, பக்கத்தில் வந்து உட்கார்ந்த பெண்ணிடம் கேட்டார்: "உன் கவிதைப் புத்தகத்துல வர்ற குழாயடி பஜாரி நான்தானே?"

அந்தப் பெண் உற்றுப் பார்த்தார். "ஐயோ, ராணியக்கா!"

"அக்கான்னு கொஞ்சாதே. நான் உன்னைக் குடத்தால அடிச்சேன்னு எழுதி வெச்சிருக்கே. மூக்கு மேல மச்சம்னு வேற போட்டிருக்கே. என் பையன் காலேஜ்ல அந்தப் புத்தகத்தைப் படிச்சிட்டு ரெண்டு நாளா என்கூடப் பேசல."

"அடிச்சீங்களே, அக்கா."

"எதுக்கு அடிச்சேன்னு எழுதினியா? என் வீட்டுக்காரர் குடிச்சிட்டு சாக்கடையில விழுந்ததைப் பாட்டாக் கட்டினே. பத்து வயசுல என்னா வாய்டி உனக்கு! வீதியே ஒரு மாசம் பாடிச்சு. மனுஷன் வெளிய தலை காட்ட முடியல."

கவிஞர் சிரித்துவிட்டார். "நான் முதல்ல கட்டினது அதுதான். அடி விழுந்தப்புறம்தான் நம்ம வார்த்தை வேலை செய்யுதுன்னே தெரிஞ்சது. அப்புறம் எவ்வளவு அடி வாங்கியும் நிறுத்தல. ஆனா அந்தப் பாட்டு ஒரு வரிகூட ஞாபகம் இல்லைக்கா."

"எனக்கு முழுசா ஞாபகம் இருக்கு."

கவிஞர் அவசரமாகப் பையைக் கிளறிப் பேனாவை எடுத்தார். "சொல்லுங்க, சொல்லுங்க."

"முதல்ல என் பையனுக்குப் போன் போடு. நீ பண்ண கலாட்டாவை உன் வாயாலேயே சொல்லு. அப்புறம் பாடறேன்."

பேனாவை வாயில் கவ்விக்கொண்டு கவிஞர் போனை எடுத்தார். "நம்பர் சொல்லுங்கக்கா."