பெயர் மாறி எழுந்த சர்வர்

மனிதனைப் போலத்தான் கம்ப்யூட்டரும், எழுந்தவுடன் தன் பெயரைத் தேடும், சார். நெட்வொர்க் வந்திருந்தால் அதனிடம் கேட்டுக்கொள்ளும். வரத் தாமதமானால் ஏதோ ஒரு பொதுப்பெயரோடு வேலையைத் தொடங்கிவிடும்.

உத்தமபாளையத்தில் அந்தத் தனியார் மருத்துவமனையில் பதினொரு வருடம் கம்ப்யூட்டர் பிரிவைப் பார்த்தவன் நான். தீவிர சிகிச்சைப் பிரிவில் யாருக்காவது நாடி இறங்கினால் நர்ஸ் மேஜையில் மணி அடிக்க வேண்டும். கட்டிலருகே சத்தம் கிடையாது. நோயாளிகள் தூங்க வேண்டுமே. மணியை அனுப்பும் சர்வரை வியாழன்தோறும் மதியம் நிறுத்தி இயக்குவோம். சில வாரம் அது பெயர் மாறி எழும். அந்தப் பெயரை நர்ஸ் மேஜைக் கம்ப்யூட்டர் அறியாது, மணி அங்கே போகாது. நான் ஓடிப்போய்ச் சரிசெய்வேன்.

எனக்கு உதவியாக எடுத்த இவாஞ்சலின், வேலைக்கு வந்த மூன்றாம் வாரம், சர்வருக்குள்ளேயே அதன் பெயரை ஒரே வரியில் எழுதிவைத்தாள். பிறகு அது மாறவே இல்லை.

"முத்துராஜா, இத்தன வருசமா ஒனக்கு இது தோணலையேப்பா" என்றார் பெரிய டாக்டர், எல்லோர் முன்னாலும்.

"அண்ணே சொல்லிக் குடுத்ததுதான் சார்" என்றாள் அவள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

அதன்பின் நர்ஸ் ஹேமாவதிகூட என் அறையை எட்டிப் பார்த்து, "இவா மேடம் இல்லையா? எங்கன போனாக?" என்று கேட்டுவிட்டுப் போவாள்.

ஒரு புதன்கிழமை அந்த வரியை நீக்கினேன். மறுநாள் இவாஞ்சலின் வழக்கம்போல் சர்வரை நிறுத்தி இயக்கிவிட்டு, நம்பிக்கையோடு சாப்பிடப் போனாள். அது பெயர் மாறி எழுந்தது. என் திரையில் பார்த்தேன்.

மூன்றாம் கட்டிலில் மார்க்கையன்கோட்டை சந்தனம்மாள். நாடி ஐம்பது, நாற்பத்தொன்று, முப்பத்திரண்டு. அந்த எண்களும் என் திரையில் தெரிந்தன. என் அறையிலிருந்து நர்ஸ் மேஜை பதினைந்து அடி தூரம். யாராவது கண்டுபிடித்து இவாஞ்சலினைத் திட்டட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மாளின் மகன் விஜய்பாண்டிதான் வந்தார்.

"அண்ணே, அம்மா கூப்பிட்டாப் பேச மாட்டேங்குது. மிஷின்ல எதுவும் காட்டுதா?"

"மணி அடிக்கலையே தம்பி. தூங்குவாக. போய் உக்காருங்க."

அவர் போய் உட்கார்ந்தார். ஹேமாவதி வந்து பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மறுநாள் இவாஞ்சலினை வேலையிலிருந்து நீக்கினார்கள். அழுதுகொண்டே என்னிடம்தான் விடைபெற்றாள்.

என் வாக்குமூலத்தை எழுதி வாசித்துக் காட்டினீர்கள். வரியை நீக்கியது நான். எண்கள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தது நான். மகனைத் திருப்பி அனுப்பியதும் நான். எல்லாம் சரி, கையெழுத்துப் போடுகிறேன். 'பொறாமையால்' என்ற ஒரு சொல்லை மட்டும் அடித்துவிடுங்கள், சார். நேற்று வந்த பெண்ணைப் பார்த்து நான் ஏன் பொறாமைப்பட வேண்டும்?