கோச் லாஸ்லியின் ஆறாவது வெற்றி

மேபரியின் தலைக்கவசம் எங்கே என்று கோச் கேட்டபோது நான் பதில் சொல்லவில்லை. கேள்வி என் காதில் விழுந்திருக்காது என்று அவர் தரப்பில் சொல்லப்படுவதால் இதை முதலில் பதிவு செய்யக் கேட்டுக்கொண்டேன். விழுந்தது. சொல்லவில்லை.

என் பெயர் லெனோரா டீஸ். வயது இருபத்தேழு. அலபாமா மாநிலம் டோரன்ஸ் ஊரில், மில் தெருவில் தனியாகக் குடியிருக்கிறேன். இவ்வூர்க் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணியில் வீரர்களின் காயங்களைக் கவனிக்கும் வேலை பார்க்கிறேன். தலைமைப் பயிற்சியாளராக இருந்த வேட் லாஸ்லியை நன்கு அறிவேன். சென்ற ஆட்டப் பருவத்தில் ஆறு ஆட்டங்கள் வென்றால் அவரது ஒப்பந்தம் தானாக நீளும், இல்லாவிட்டால் கல்லூரி அவரை அனுப்பிவிடலாம் என்பது முடிதிருத்தும் கடை வரை தெரிந்த விஷயம். ஐந்து வென்றிருந்தோம். தலைக்கவசம் எங்கே என்று அவர் கேட்டது கடைசி ஆட்டத்தின்போது.

ஆட்டம் முடியும் தறுவாயில் குவின்டன் மேபரி என்ற தடுப்பாட்டக்காரர் தலையோடு தலை மோதி விழுந்து, எழுந்து, எதிரணியின் பெஞ்சை நோக்கி நடந்தார். நான் அவரை அழைத்து வந்து உட்காரவைத்து, இன்று யாரோடு ஆடுகிறோம் என்று கேட்டேன். போன வாரத்து அணியின் பெயரைச் சொன்னார். "யாரா இருந்தா என்ன மிஸ் லெனோரா, அடிக்கிறது நாமதானே?" என்று சிரித்தார். அதன் பிறகு, எங்கள் தொழிலில் வழக்கமாகச் செய்வதுபோல, அவர் மறுபடி களத்தில் இறங்கிவிடாமலிருக்க அவரது தலைக்கவசத்தை ஐஸ் பெட்டிக்குள் போட்டு மூடி, அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன்.

அதன் பிறகு கோச் வந்து, "ஏம்மா, பையனோட ஹெல்மெட் எங்க?" என்றார். நான் பெட்டி மேலேயே இருக்கவே, "என் மூத்தவ ஆறு பள்ளிக்கூடம் மாறிட்டாம்மா. இங்கயாவது படிச்சு முடிக்கட்டுமே" என்று தணிந்த குரலில் சொன்னார். அப்போதும் எழவில்லை. அதன் பிறகு அவர் மாற்று வீரர் ஒருவரின் தலைக்கவசத்தைக் கழற்றி மேபரிக்குத் தானே மாட்டி, தாடைப் பட்டையையும் பூட்டி, "போடா ராசா" என்று முதுகில் தட்டி அனுப்பினார். எங்கே நிற்பதென்று தெரியாமல் மேபரி திகைத்ததையும், சக வீரர் ஒருவர் சட்டையைப் பிடித்து அவரை இடத்தில் நிறுத்தியதையும் பார்த்தேன்.

அதன் பிறகு நான் எல்லைக்கோட்டு நடுவரிடம் போய், "அவருக்கு நான் அனுமதி தரல. வெளிய அனுப்புங்க" என்றேன். மேபரி வெளியேற்றப்பட்டார். அவர் நின்றிருக்க வேண்டிய இடைவெளி வழியாகவே எதிரணி ஓடிப் புள்ளியெடுத்து வென்றது. "என்ன மிஸ், இப்படிப் பண்ணிட்டீங்க" என்று மேபரி அழுதார். சற்று நேரம் கழித்து, முதல் முறை கேட்பவர்போல அதையே மறுபடி கேட்டார்.

அதன் பிறகு, வீரரின் சிகிச்சையில் குறுக்கிட்டதாக ஒப்பந்தத்தின் ஒரு பிரிவைக் காட்டிக் கல்லூரி கோச்சை நீக்கியது. அதை எதிர்த்து அவர் தொடுத்த வழக்குக்காகவே இந்த வாக்குமூலம். செப்டம்பரில் வேறொரு வீரரை அவர் இதேபோல் இறக்கியதை நான் அப்போதே கல்லூரிக்குத் தெரிவித்திருந்தேன். அந்த ஆட்டத்தில் வென்றோம். யாரும் என்னைக் கூப்பிட்டு விசாரிக்கவில்லை.

மேலே கண்டவை நான் பார்த்ததும் செய்ததும் மட்டுமே. படித்துக்காட்டக் கேட்டு, சரியென்று கையொப்பமிடுகிறேன்.

லெ. டீஸ்

பின்னர் சேர்க்கச் சொன்னது: கோச் லாஸ்லி இப்போது ஆர்கன்சா மாநிலத்தில் ஒரு சிறிய கல்லூரியின் தலைமைப் பயிற்சியாளர். மேபரி எங்கள் கல்லூரியை விட்டு, அவரிடமே ஆடப் போய்விட்டார்.