பேச்சை மட்டும் தூக்கித் தரும் ரிசீவர்

தண்டையார்பேட்டையில் பாரிமுனை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். எனக்கு முன் சீட்டில் இரும்புப் பட்டறை நீலச் சட்டை போட்ட இரண்டு பேர் இருந்தார்கள். ஜன்னலோரம் இருந்தவர், பஸ் முழுக்கக் கேட்கும் குரலில் நண்பரிடம் கேட்டார்.

“மாமு, பாட்டு வோணாம். பேச்சு மட்டும் சத்தமா வர்ற ஹோம் தியேட்டர் ரிசீவர் இன்னா வெல வரும்?”

“பேச்சு வர்ற நடு ஸ்பீக்கர மட்டும் தனியா ஏத்துற மாதிரி கீது. நம்ம பட்ஜெட்டுக்குப் பழசுதான் கெடைக்கும். ஒனக்கு இன்னாத்துக்கு அது?”

“டிவில பேசறது முனகலா கீது.”

நண்பர் அவரை ஒரு தரம் பார்த்துவிட்டுக் காதோரம் சாய்ந்தார். “காது மெஷின் வாங்கேன்.”

“அத மாட்டிகினா ஊருக்கே தெரிஞ்சிடும். பட்டறைல தகடு தட்டுற சத்தத்துல எல்லாம் கை ஜாடைதான். அங்க எவனுக்கும் தெரியாது.”

“வூட்ல?”

“அவ கூப்டா நான் திரும்பறதில்ல. திமிருன்னு நெனச்சிகினு கீறா. அப்டியே நெனச்சிக்கட்டும், செவிடன்னு தெரிய வோணாம். ஒன்கிட்டதான் சொல்றேன், வெளிய வுட்டுடாத.”

கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்தியிருந்தார். என் பக்கத்திலிருந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் குனிந்து என் செருப்பைப் பார்த்தேன்.

நண்பர் உள்ளங்கையைக் கவிழ்த்து மெல்லக் கீழே இறக்கிக் காட்டினார். பட்டறை ஜாடையாக இருக்க வேண்டும்.

ஜன்னலோரம் இருந்தவர் உடனே வாயை மூடிக்கொண்டார். பிறகு மெதுவாகத் திரும்பி, எங்கள் எல்லோரையும் பார்த்தார்.